ஓர் எழுத்து குறைந்த உத்தரவு

தட்டச்சுக்காரியின் தம்பியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு உயிரோடு புதைத்தார்கள்; மூன்றாம் நாள் அவன் மண்ணுக்கடியிலிருந்து மணி என்ன என்று கேட்டான். அச்சக வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட நாற்பது பேரில் அவனும் ஒருவன். அவர்களுக்கான ஆங்கில உத்தரவுகளை அடித்தவள் அக்காதான். இன்டர்ன்மென்ட் என்றால் காவலில் அடைத்து வைப்பது. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் இன்டர்மென்ட், அதாவது பிணத்தை அடக்கம் செய்வது. முப்பத்தொன்பது தாள்களைச் சரியாக அடித்தவள், தம்பியின் பெயரைக் கண்டதும் ஒரு விசையைத் தவறவிட்டாள். அந்த எழுத்து விழவில்லை.

சிறை அதிகாரிக்கு இரண்டு சொல்லுமே புதிது. அகராதியைப் புரட்டினார். "ஆளு உயிரோட இருக்கானே சார்" என்று காவலாளி தலையைச் சொறிந்தான். "உத்தரவுல உயிரைப் பத்தி ஒண்ணும் இல்லையேப்பா" என்றார் அவர்.

ஒன்றரை வருஷத்தில் மற்றவர்களை விட்டுவிட்டார்கள். விடுதலை அடைக்கப்பட்டவர்களுக்குத்தான், புதைக்கப்பட்டவர்களுக்கு இல்லை. தோண்டியெடுக்க இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பேசிக்கொண்டிருப்பவனுக்கு அதைத் தர மருத்துவர் மறுத்துவிட்டார். அவள் படியேறிப் படியேறிக் கால் தேய்ந்தாள். ஒருநாள் தானே மண்வெட்டியோடு போனாள். எவ்வளவு தோண்டினாலும் அவன் குரல் இன்னும் ஓர் ஆள் ஆழம் கீழேயே இருந்தது.

ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்து ஊர்ச் சேதி சொல்வாள். ஐந்தாம் வருஷம் அவன் கேட்டான்: "அக்கா, அதை அடிச்ச பாவி யாருன்னு தெரிஞ்சுதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்டா" என்றாள்.

அதன்பிறகு பதினான்கு மாதம் மண்ணிலிருந்து பேச்சு மூச்சில்லை. அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கூரை ஒழுகுவதை, தலை நரைத்ததை, பல்வலியை, எல்லாவற்றையும் வெறும் தரையிடம் சொன்னாள். செத்தே போய்விட்டானோ என்று தோன்றிய அன்று, எங்கே அந்தச் சான்றிதழ் கிடைத்துவிடுமோ என்று முதன்முறையாகப் பயந்தாள்.

பதினைந்தாம் மாதம், எழுந்து கிளம்பியவளைக் கீழேயிருந்து குரல் நிறுத்தியது.

"மழை வருதுக்கா. நின்னு போ."

வானத்தில் பொட்டு மேகமில்லை. அவள் மரத்தடியில் ஒதுங்கி நின்றாள். கால்மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது.

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் துணி காயப்போடுமுன் இடுகாட்டு வேலியோரம் வந்து அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள்.