மல்லாட்டைக்குச் சிவப்பு

மூன்றாம் வகுப்பு கவிநிலா வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். மாடு கன்று போட்டது, எதிர் வீட்டுச் சண்டை, பஸ்ஸில் அப்பா தூங்கி ஊர் தாண்டிப் போனது, எல்லாம் முதல் பாடவேளைக்குள் அருணாதேவி டீச்சர் காதுக்கு வந்துவிடும். "போதும்டி தாயே, பாடம் நடத்த விடு" என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்ட நாளெல்லாம் உண்டு. அப்பேர்ப்பட்ட வாயை ஒரு பொட்டி வந்து அடைத்தது.

பொட்டி என்றால் டேப், சிலேட்டு மாதிரி இருக்கும் தொடுதிரைக் கம்ப்யூட்டர். திருவண்ணாமலை ஊர் எல்லையில் இருக்கும் அந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு கம்பெனி கொண்டுவந்து இறக்கியது. முதல் வருடம் இலவசமாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். கக்கூஸுக்குத் தண்ணீர் வராத பள்ளிக்கு, படம் காட்டிப் பேர் கேட்கும் டேப்! பிள்ளை சொல்வதைக் கேட்டு அதுவே மார்க் போடும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. நடுவில் டீச்சர் மூச்சு விடக்கூடாது, விட்டால் தேர்வு செல்லாது.

கவிநிலாவுக்கு வந்த முதல் படம் நிலக்கடலை. பிள்ளைக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவள் அம்மா தமிழ்செல்வி பஸ் ஸ்டாண்டு வாசலில் வேகவைத்து விற்பதே அதைத்தான். கீழ்பென்னாத்தூரில் அவர்கள் நிலத்தில் விளைவதும் அதுதான். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்று என்னவோ சொல்லிக்கொள்ளட்டும், இங்கே அதற்குப் பேர் மல்லாட்டை.

"மல்லாட்ட!" என்று வகுப்பே அதிரக் கத்தினாள்.

"தவறு. மீண்டும் முயற்சி செய்" என்றது டேப்பிலிருந்து ஒரு பெண்குரல்.

"மல்லாட்ட."

"தவறு."

அதற்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, பிள்ளை வாயை டேப்பில் ஒட்டிவைத்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். 'மெதுவாகக் கற்பவர்' என்று அவள் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஜில்லாவே மல்லாட்டை என்று சொல்லித்தான் விதைக்கிறது, பிடுங்குகிறது, தின்கிறது. அத்தனை பேரும் மெதுவாகக் கற்பவர்களா?

அருணாதேவி கம்பெனி ஆள் அருண்பிரசாத்துக்கு உடனே போன் போட்டாள்.

"மேடம், நானும் போளூர்க்காரன்தான். எங்க வீட்லயும் மல்லாட்டனுதான் சொல்லுவோம்" என்று அவன் குழைந்தான். "ஆனா சிஸ்டத்துல அந்த வார்த்தை இல்லையே."

"இல்லன்னா சேர்த்துத் தொலைங்க."

"மேல சொல்றேங்க மேடம். அதுவரைக்கும் பாப்பாவ சிஸ்டத்துக்குத் தகுந்த மாதிரி பேசச் சொல்லுங்க."

தன் வீட்டுப் பேச்சையே தப்பு என்று விற்றுச் சம்பளம் வாங்குகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

அவன் மேலே சொன்னானோ கீழே சொன்னானோ, வார்த்தை வந்தபாடில்லை. கவிநிலாதான் மாறினாள். எது கேட்டாலும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள், பிறகு பேசாமல் இருந்துவிடுவாள். கன்றுக்குட்டி எப்படியிருக்கிறது என்று டீச்சரே வலியக் கேட்டாலும் "தெரியல டீச்சர்"தான். டேப் கேட்டால் மட்டும் "நிலக்கடலை" என்று ஒப்பிப்பாள். பச்சை விழும். கம்பெனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அருணாதேவிக்கு அந்தப் பச்சை எதற்கு? அவளுக்கு வேண்டியது பிள்ளையின் பழைய வாய்.

பிள்ளை முன்னேறிவிட்டால் வீடியோ எடுக்காமல் விடுவார்களா? அருண்பிரசாத் நேரிலேயே வந்தான். வியாபாரத்தில் இருந்த தமிழ்செல்வியை வரவழைத்து, மகளைப் பக்கத்தில் நிறுத்தி, போனை நீட்டினான்.

"என்ன வேலை பண்றீங்க, பாப்பா எப்படிப் படிக்குதுனு சொல்லுங்கக்கா."

தமிழ்செல்வி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டாண்ட வேகவெச்ச மல்லாட்ட விக்கிறேங்க..."

கவிநிலா எட்டி அம்மாவின் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதம்மா! சிவப்பு வந்துடும்!"

தமிழ்செல்வியின் முகம் செத்துப்போனது. அந்தக் கையை விலக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளையே கையை எடுத்ததும், "நமக்கு அவ்ளோதாங்க தெரியும், படிக்காத ஜனம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சூப்பர்! அம்மாவையே பாப்பா கரெக்ட் பண்ணுது!" என்று துள்ளினான் அருண்பிரசாத். "இதான் மேடம் நம்ம ரிசல்ட்டே!"

அதுவரை வாங்க போங்க என்று பேசிவந்த அருணாதேவிக்கு அந்த மரியாதையெல்லாம் எங்கே போனதோ! "வீட்டுக்குப் போய் உங்கம்மா வாயப் பொத்துடா! அத எடுத்துப் போடு, உங்க கம்பெனி நல்லா விக்கும்! இத அழி. என் கண்ணு முன்னால அழி!"

"மேடம், நீங்க கவர்மென்ட் ஸ்டாஃப். மேல ரிப்போர்ட் போகும்."

"போகட்டும். மெமோ வந்தா வாங்கிக்கறேன். அழிடா!"

அவன் அழித்தான். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனான்.

கவிநிலா டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "எங்கம்மா ஃபெயிலா டீச்சர்?"

அருணாதேவி முட்டிபோட்டு உட்கார்ந்து பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "இல்லடி கண்ணு. உங்கம்மா சொன்னதும் சரி, நீ மொதல்ல சொன்னதும் சரி. அது மல்லாட்டதான். டீச்சர் சொல்றேன்."

கவிநிலா டீச்சரைப் பார்க்கவில்லை. பச்சை வருகிறதா என்று, மேசைமேல் இருந்த டேப்பைத் திரும்பிப் பார்த்தாள்.