சுவரில் ஒட்டிய அக்கா

எங்கள் மாத இதழில் பக்கம் அமைப்பது என் வேலை. என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் இருப்பவள் 'அக்கா'. ஐம்பது வயதுக் கற்பனை வாசகி. அட்டை நிறமோ தலைப்பின் பருமனோ, எதைக் காட்டினாலும் ஆசிரியரம்மா, "அக்காவுக்குப் பிடிக்குமா?" என்பார். நமக்குச் சம்பளம் தருவதே அந்த அக்காதான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான்கு மாதங்களாக அந்தத் தாளில் புது வரிகள் முளைத்தன. 'பளபளப்பான தாள் அக்காவுக்குக் கண் கூசுகிறது.' பளபளப்பில்லாத தாளுக்கு மாறினோம். 'சாம்பல் நிற எழுத்து அக்காவுக்குத் தெரிவதில்லை.' எழுத்தைக் கறுப்பாக்கி, இரண்டு பாயின்ட் பெரிதாக்கினேன். பிறகு இது வந்தது: 'அக்கா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுத்தான் படிக்கிறாள். மாடியின் கடைசிப் படி தெரியாமல் விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.'

என் சொந்த அக்காவின் நாற்காலி ஜன்னலோரம் போய் மூன்று மாதமாகிறது. இப்போது முழங்காலில் கட்டு வேறு. கேட்டதற்கு, "வயசாகுது, வேறென்ன" என்று மழுப்பிவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கதையை இங்கே கொண்டுவருவது யார்? அத்தான்தான் என்று முடிவு கட்டினேன். இதழுக்குத் தாள் சப்ளை செய்பவர் அவர். புதுத் தாளுக்கு விலையும் கூடுதல். பெண்டாட்டியின் கண்ணைக் காட்டி வியாபாரம் செய்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் சிரித்தபடி ஆசிரியரம்மா அறையிலிருந்து வெளியே வந்த அன்று, நான் நேரே உள்ளே போனேன்.

"எங்க அத்தான் உங்ககிட்ட வீட்டு விஷயமெல்லாம் சொல்றாரா?"

"அவரா? தாளோட எடையைத் தவிர அவர் வேற எதுவும் பேசினதில்ல." ஆசிரியரம்மா இழுப்பறையிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்துப் போட்டார். "இந்த வாசகி எழுதறதைத்தான் அக்கா தாள்ல சேர்க்கிறேன். வாசகர் பக்கத்துலயும் வந்துச்சே. நீதானே பக்கம் போட்டே?"

நான்தான் போட்டேன். ஆனால் படித்ததில்லை. பக்கம் அமைக்கிற எனக்கு, தட்டச்சாகி வரும் எழுத்து என்பது ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்டத்தில் அடங்காவிட்டால் கடைசி வரிகளை வெட்டிவிடுவேன்.

கடிதங்களில் பெயர் இல்லை. ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கோணல்மாணலாகக் கிடந்தாலும், அது அக்காவின் கையெழுத்து. போன மாதக் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள் அச்சில் வரவே இல்லை: 'என் தங்கை இந்த இதழை ஒரு வரி விடாமல் பார்ப்பவள். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதைப் படித்துவிட்டு அவள் கூப்பிட்டால், கண் டாக்டரிடம் போவேன்.'

அத்தானைச் சந்தேகப்பட்ட வெட்கத்தை விட இது பெரிதாக வலித்தது. அப்போதே அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில் இதழை விரித்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்புக்கா, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்க முயன்றாள். பார்வை என் காதோரம் நின்றது.

"அந்த மூணு வரி வரலைன்னதும், நீ படிச்சுட்டுத்தான் எடுத்துட்டேன்னு நினைச்சேன்டி. அதான் அப்புறம் எழுதலை."