கோட்டைச்சாமி வீட்டுக் குறி

எனக்கு முன்கோபம் அதிகம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் ரொம்ப நல்லவள் போலத் தெரிந்துவிடும்.

1988-இல் அருப்புக்கோட்டையில் என் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் பன்னிரண்டு படங்கள். எல்லாமே ஆட்டுக்குறிகள். நரிக்குடிப் பக்கம் ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. யார் வீட்டு ஆடு என்று தெரிய, காவியைக் குழைத்து அதன் முதுகில் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்துகொண்டே சந்தை சந்தையாகப் போய் அவற்றை நோட்டில் எடுத்து, ஆறு வருஷம் வரைந்தேன். எங்கள் வீட்டில் எண்ணெய் வியாபாரம். "ஆட்டு முதுகுல இருக்கறத எதுக்குக்கா சுவத்துல மாட்டணும்?" என்று தம்பி சங்கர் கேட்டான். ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை.

அன்றைக்கு மெட்ராஸிலிருந்து உதயகுமார் என்ற கேலரிக்காரர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் படங்கள் மெட்ராஸ் போகும். முப்பத்தெட்டு வயதில் இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. நடுவில் மாட்டியிருந்த பெரிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு வட்டம், அதன் குறுக்கே மூன்று கோடுகள், அவ்வளவுதான்.

"இதுதான் எல்லாத்தையும் தாங்குது மேடம். இதை நடுவுல வச்சுப் பன்னிரண்டையும் அனுப்பிடுங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் படியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். காலெல்லாம் புழுதி, கையில் ஒரு கயிறு.

"எம்பேரு கோட்டைச்சாமி, தாயி. நரிக்குடிப் பக்கம். ஆட்ட எங்க கட்டியிருக்கீக?"

"ஆடா? இங்க ஏதுங்க ஆடு?"

மடியிலிருந்து என் கண்காட்சி நோட்டீஸை எடுத்துக் காட்டினார். அந்தப் பெரிய படத்தை அதில் அச்சடித்துத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒட்டச் சொல்லியிருந்தேன். வழிதவறி வந்த ஆட்டைக் கட்டிவைத்திருப்பவர்கள், அதன் குறியைக் கரியால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வரைந்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கமாம். அது எனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாத அவர், நோட்டீஸில் இருந்த குறியைப் பார்த்துவிட்டு விலாசத்தை மட்டும் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார்.

"இது எங்க வீட்டுக் குறி. எண்பத்திமூணு பஞ்சத்துல ஆடு அம்பது உருப்படி செத்துப்போச்சு. ஒரு பெட்ட மட்டும் எங்கிட்டோ போயிருச்சு. பொழச்சுக் கெடந்து குட்டி கிட்டி போட்டிருக்கும்னு நெனச்சு வந்தேன்."

"இது வெறும் படம். ஆடெல்லாம் இல்ல. கெளம்புங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவர் கிளம்பவில்லை. பெரிய படத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே போய் மூன்று கோடுகளையும் விரலால் தடவினார்.

"இப்ப எந்த ஆட்டு மேலயும் இது இல்ல தாயி. எம்மகனே மறந்துட்டான். நீங்கதான் கட்டிவச்சுக் காப்பாத்தியிருக்கீக." சொல்லிக்கொண்டே சட்டத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டார்.

"கைய எடுங்க! அது நான் வரைஞ்சது!" ஹாலே அதிரக் கத்தினேன்.

"இல்லன்னு சொல்லல. ஒங்க பட்டியில தீவனம் தின்னா, அடுத்த வீட்டு ஆடு ஒங்க ஆடாயிருமா?"

எத்தனையோ ஆட்டு முதுகுகளைப் பார்த்து வரைந்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வீட்டில்கூடக் கேட்டதில்லை.

"மேடம், அது இல்லேன்னா மத்ததை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்ண?" என்றார் உதயகுமார்.

நான் கோட்டைச்சாமியைப் பார்த்தேன். என் படம் ஒன்றின் முன்னால் கண் கலங்கி நின்ற முதல் ஆள் அவர். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, கயிறு கட்ட நானே பிடித்துக்கொடுத்தேன். உதயகுமார் மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார். செய்தது சரி என்று தெரிந்தும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து எங்கள் எண்ணெய்க் கடை வாசலில் கோட்டைச்சாமி வந்து நின்றார். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி.

"படத்த வாசல்ல மாட்டுனேன் தாயி. வீரசோழன் சந்த ஆட்டு யாவாரி ஒருத்தர் பாத்துட்டு, குறி இருக்கு, ஆடு இல்லையான்னு கேட்டாரு. வளத்து, ஈனுற குட்டியில பாதி குடுன்னு நாலு பெட்டய விட்டிருக்காரு. இது எம்பங்குல வந்த மொதக் குட்டி. காப்பாத்தி வச்சிருந்தவுகளுக்குக் குடுக்கறது எங்க மொற."

குட்டியை இறக்கிவிட்டு, காவி குழைத்த சிரட்டையை என் முன்னால் வைத்தார். "குறி போடாமக் கொண்டாந்திருக்கேன். ஒங்க வீட்டுக் குறி என்ன?"

"எங்களுக்குக் குறி கிடையாதுங்களே."

"அப்ப இன்னைக்குப் போடுங்க. நாளைக்கு இது எங்கிட்டாவது போயிட்டா, யார் வீட்டுக்குன்னு கொண்டாந்து விடுவாக?"

ஊரார் குறிகளையெல்லாம் வரைந்த எனக்கு, எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சங்கர் குட்டியைப் பிடித்துக்கொண்டான். விரலைக் காவியில் தோய்த்தேன். குட்டி துள்ளியதில் முதல் கோடு கோணலாக விழுந்தது. அழிக்கப் போனேன்.

"இருக்கட்டும் தாயி" என்று தடுத்தார் கோட்டைச்சாமி. "கோணலா இருந்தாத்தான் வேற வீட்டுக் குறியோட மாறிப்போகாது."