வேறு ஆளை அனுப்புங்கள்

வீடு வீடாகப் போய் மனிதர்களைக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஹோபார்ட்டில் இருந்த ஓர் ஆய்வு அலுவலகம் டாஸ்மேனியாத் தீவு முழுக்கச் சில குடும்பங்களைப் பொறுக்கி எடுத்து, அதே குடும்பங்களை வருஷா வருஷம் பேட்டி கண்டு வந்தது. வேலை எப்படி, தூக்கம் எப்படி, உடம்பில் என்ன வலி, மனம் விட்டுப் பேச யாராவது உண்டா என்பது வரை எல்லாம் கேட்போம். வடமேற்குக் கரை என் பங்கு. பர்னியில் என் வீடு. அங்கிருந்து ஸ்மித்டன் வரை காரில் அலைவேன்.

லிண்ட்சே பிராமிச்சின் மாட்டுப் பண்ணை ஸ்மித்டனையும் தாண்டி, கடல் காற்று மரங்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் இருந்தது. நான் முதலில் போனபோது அவருக்கு ஐம்பதுக்கு மேல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்த காலத்தில் ஆய்வுக்குத் தேர்வான வீடு. அம்மா போன பிறகு அவர் ஒருவர்தான் மிச்சம். கதவைத் தட்டித் தட்டி என் விரல் கன்றிப்போனது. கொட்டகைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரா இருந்தாலும் இங்க வாங்க! மாடெல்லாம் மடி கனத்து நிக்குது, நான் வரமுடியாது."

போனேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி. கறவை இயந்திரத்தின் குழாய்களை ஒவ்வொரு மடியாக மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆய்வுக்கு வந்திருக்கேன். என் பேரு க்ளெனிஸ்."

"போன தடவை வந்த அம்மா குண்டா இருப்பாங்களே?"

"அவங்க ஓய்வு வாங்கிட்டாங்க."

"பாவம், என் பதிலைக் கேட்டுக் கேட்டே அலுத்துப் போயிருப்பாங்க. சரி கேளுங்க. அந்தக் கறுப்புப் பசுவுக்குப் பின்னாடி மட்டும் நிக்காதீங்க. உதைக்கும்."

அன்று முழுப் பேட்டியும் கொட்டகையிலேயே நடந்தது. லேப்டாப்பைப் பால் தொட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டு கத்திக் கத்திக் கேட்டேன். அவரும் கத்திக் கத்திப் பதில் சொன்னார்.

நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பகுதி ஒன்று உண்டு. வாழ்க்கையில் எதெது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்பது. சொந்த வீடு, பிள்ளைகள், தொழிலில் பேர் வாங்குவது, உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது, அடுத்தவர்களுக்கு ஆதரவாக இருப்பது, சந்தோஷமான இல்லறம். 'மிக முக்கியம்' என்பதில் தொடங்கி 'முக்கியமே இல்லை' வரை நான்கு பதில்களை அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவோம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: முகத்தில் எதையும் காட்டக்கூடாது. தலையாட்டக்கூடாது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், "உங்களுக்கு அது என்னவோ அதுதான்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு இதைவிடச் சுலபமான கேள்விகள் கிடையாது. ஆனால் ஜனங்கள் இங்கேதான் திணறுவார்கள். வைன்யார்ட் ஊரில் ஒரு பெண், பிள்ளைகள் என்ற இடம் வந்ததும், "அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்" என்று எழுந்து போனாள். சமையலறையில் அடுப்பு எரியும் சத்தமே இல்லை. திரும்பி வந்து, "அதை விட்டுட்டு அடுத்ததைக் கேளுங்க" என்றாள். நான் அடுத்ததைக் கேட்டேன். என் வேலை அவ்வளவுதான்.

லிண்ட்சே அன்றைக்குத் திணறவே இல்லை. இல்லறம் என்று வாசித்ததும் சிரித்தார்.

"முக்கியமே இல்லைன்னு போடுங்க. என்னைக் கட்டிக்கிறவ காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும். அப்படி ஒரு பைத்தியம் இந்தத் தீவுல இல்லை."

அப்படியே பதிவு செய்தேன்.

பிறகு வருஷா வருஷம் போனேன். கறவை நேரம் தெரிந்துவிட்டதால் அது முடிந்த பிறகு போவேன். சமையலறையில் விறகடுப்பை மூட்டி வைத்திருப்பார். ஸ்மித்டன் பேக்கரியில் வாங்கிய ஸ்காலப் பை, சிப்பிக் கறியை உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், அடுப்பில் சூடாகக் காத்திருக்கும். நாங்கள் யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ளக்கூடாது என்று சொன்னேன்.

"இது உங்களுக்கு இல்லையே. எனக்கு ரெண்டு வாங்கினேன். ஒண்ணு தின்ன முடியலை. கோழிக்குப் போடவா?"

தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அவருடைய முழங்கால் வலி எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று தெரியும். "தனிமையாக இருப்பதாக அடிக்கடி உணர்கிறேன்" என்ற வாக்கியத்தை வாசித்தால் அவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார் என்பதும், பார்த்துவிட்டு உண்மையைச் சொல்வார் என்பதும் தெரியும். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் எங்களைப் பற்றிப் பேசக்கூடாது. என் வீட்டுக்காரர் குவீன்ஸ்லாந்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டார். மகள் பெர்த்தில் இருந்தாள். பர்னியில் நான் தனியாக இருந்தேன். யாரும் என்னிடம் அட்டையை நீட்டி எதையும் கேட்டதில்லை.

ஒருநாள் பேட்டி முடிந்து நான் சாமான்களை எடுத்து வைக்கும்போது சொன்னார்:

"வருஷத்துக்கு ஒரு தடவை வந்து என் வயித்துக்குள்ள இருக்கிறதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறீங்க. உங்க வீட்டுல நாய் இருக்கா பூனை இருக்கான்னு கூட எனக்குத் தெரியாது."

"சொல்லக்கூடாதுன்னு விதி."

"நாய் எந்த விதியை மீறப்போகுது?"

சிரித்துக்கொண்டே காரில் ஏறினேன். பர்னி வந்து சேரும் வரை அந்தச் சிரிப்பு என் முகத்தைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்ட பிறகுதான் போனது.

அந்தப் பகுதி மறுபடியும் வந்த வருஷம், மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அட்டையைக் கையில் வைத்திருந்தார். சொந்த வீடு, பிள்ளைகள், தொழில் எல்லாம் சட்சட்டென்று முடிந்தது. இல்லறம் வந்தது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்புக்குள் விறகு சரிந்து விழுந்தது. நான் காத்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "கேள்வி கேக்க வர்றவங்களுக்கும் அந்த வீட்டு ஆளுக்கும் பழக்கம்னு வச்சுக்குங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"நெருங்கினவங்களை நாங்க பேட்டி எடுக்கக்கூடாது. வேற ஆள்தான் வரணும்."

அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ அடுத்த வருஷம் வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க. இந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட பதில் சொல்றேன்."

என் காது இரண்டும் சூடானது. அவர் சொன்னதில் பிந்திய பாதிதான் என் மண்டைக்குள் போனது. என்னிடம் பதில் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு தடவை என் முகத்தில் எதையோ காட்டியிருக்கிறேன், மனிதர் கூசிப்போய்விட்டார் என்று நினைத்தேன். மிச்சக் கேள்விகளை மடமடவென்று வாசித்து முடித்தேன். ஸ்காலப் பை தட்டிலேயே ஆறிப்போனது.

அலுவலகத்தில் எங்களுக்கு மேலாளர் ரேலீன். மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வீட்டுல வேற ஆள் வேணும்னு கேக்கறாங்க ரேலீன்."

"என்னடி பண்ணித் தொலைச்சே? உன்மேல இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லையே."

"தெரியலை."

"சரி, நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன். அழாதே."

"நான் அழலை."

"அழற குரல் எனக்குத் தெரியாதா?"

மாலையில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

"அவர் என்ன சொன்னார்னு நான் உங்கிட்ட சொல்லக்கூடாது. ஆனா புகார் இல்லை. அந்த வீட்டை உன் கணக்கிலேருந்து எடுத்து நெவிலுக்குக் குடுத்துட்டேன். இன்னையிலேருந்து அவர் உன் ஆளு இல்லை. போனை மட்டும் அணைச்சு வைக்காதே."

வார இறுதியில் போன் வந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது விட்டுவிட்டு வரும் சீட்டில் என் எண் இருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"லிண்ட்சே பேசறேன். நான் இப்போ நீங்க பேட்டி எடுக்கற ஆளு இல்லைதானே?"

"இல்லை."

"நல்லா விசாரிச்சிட்டீங்களா? அப்புறம் விதி அது இதுன்னு சொல்லக்கூடாது."

"இல்லைங்க. வேற ஆளுக்கு மாத்திட்டாங்க."

"சரி. இனிமே என் முறை. உங்க வீட்டுல நாயா, பூனையா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டும் இல்லை," என்றேன். "யாருமே இல்லை."

மறுவாரம் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு பர்னிக்கு வந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, காலர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. கடற்கரையில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றோம். கடல் பறவைகள் சுற்றி நின்று முறைத்தன. அவர் கேட்டுக்கொண்டே போனார். எங்கே பிறந்தேன், மகள் எப்படி, வீட்டுக்காரர் ஏன் போனார். எத்தனையோ பேரை வாய் திறக்க வைத்தவளுக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. பதில் தேர்ந்தெடுக்க அட்டை இருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் மனத்தில் உறுத்தியதைச் சொன்னேன்.

"இது சரியா வருமான்னு தெரியலை. உங்களைப் பத்தி எல்லாமே எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அது நியாயமில்லை."

"அந்தத் தைரியத்துலதான் வந்தேன். மத்தவங்ககிட்ட எல்லாம் மொதல்ல நல்லவன் மாதிரி நடிக்கணும். உங்ககிட்ட அதுக்கு வழியே இல்லை. எல்லாம் தெரிஞ்சும் வருஷா வருஷம் வந்தீங்களே."

"அது என் வேலை."

"தெரியும். வேலை இல்லாமலும் வருவீங்களான்னு பாக்கத்தான் வேற ஆளைக் கேட்டேன்."

கையில் இருந்த சிப்ஸ் பொட்டலத்தை ஒரு பறவை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், விரட்டக்கூடத் தோன்றவில்லை.

வேலை இல்லாமலும் போனேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில். அப்புறம் கன்று போடும் காலத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல. நாலு மணிக்கு எழுவது அவர் சொன்ன அளவுக்குக் கொடுமை இல்லை. அதைவிடக் கொடுமை. ஆனாலும் எழுந்தேன். மகள் பெர்த்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, உன்மேல சாணி வாசனை வருது. முகம் மட்டும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சில வருஷம் கழித்து, பர்னி வீட்டை ஒழித்துக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு, பண்ணைக்கே வந்து சேர்ந்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஆய்வில் இருக்கும் வீட்டுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் அவர்களையும் பேட்டி எடுக்க வேண்டும். இதை நானே எத்தனை மருமகள்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

நெவில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். கேள்வியை வாக்குமூலம் வாங்குவதுபோல வாசிப்பார். நான் குடிவந்த பிறகு அவர் பேட்டிக்கு வந்தபோது, தனித்தனியாகத்தான் பேச வேண்டும் என்று லிண்ட்சேயை வேலி பார்க்க அனுப்பிவிட்டு, என்முன் அட்டையை வைத்தார். அந்தப் பகுதி வரும் வருஷம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சந்தோஷமான இல்லறம். உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

அட்டையில் இருந்த நான்கு பதில்களையும் இன்னொரு தடவை வாசித்தேன். ஒருமுறை அது என் கையை விட்டுப் போயிருந்தது. இதை முக்கியம் என்று சொல்வது, இன்னொரு முறை போனால் தாங்கமாட்டேன் என்று ஒத்துக்கொள்வது. முக்கியமே இல்லை என்று சிரித்துவிட்டுப் போவது எவ்வளவு வசதியான பதில் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நெவில், இது இனிமே கிடைக்கணும்னு ஆசைப்படறதைக் கேக்குதா, இல்லை கையில இருக்கறதைக் கேக்குதா?"

"உங்களுக்கு அது என்னவோ அதுதான்."

"அந்தப் பதிலைக் கேட்டா எப்படி எரிச்சல் வருதுன்னு இப்பத்தான் தெரியுது."

நெவில் முகத்தில் எதையும் காட்டவில்லை. நல்ல பயிற்சி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லிண்ட்சே வேலிக் கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பத்தில் ஒரு கோளாறும் இல்லை.

"மிக முக்கியம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

நெவில் பதிந்துகொண்டார். ஒரு பதிலைப் பதிவதற்குத் தேவையானதைவிட ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்து முடித்த பிறகே அடுத்த கேள்வியை வாசித்தார்.

பிறகு லிண்ட்சே உள்ளே போனார். நான் கன்றுகளுக்குப் பால் காட்டப் போனேன். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை கேட்டதில்லை. கடல் பக்கமிருந்து மழை வந்து கொட்டித் தீர்த்தது. நெவில் கிளம்பும்போது அவர் கார் வாசலிலேயே சேற்றில் புதைந்துபோனது. நானும் லிண்ட்சேயும் பின்னாலிருந்து தள்ளினோம். சக்கரம் சுழல, கார் எங்களைத் தலையிலிருந்து கால்வரை சேற்றால் அபிஷேகம் செய்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"போலீஸ்காரன் புத்தி," என்றார் லிண்ட்சே, கண்ணிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டு. "நன்றிகூடச் சொல்லாம ஓடிட்டான் பாரு."

உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்தேன். தண்ணீர் ஏறி ஊறிய பூட்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு கழலவில்லை. அவர் என் முன்னால் மெதுவாக மண்டியிட்டு, குதிகாலைப் பிடித்து இழுத்தார்.

"காலை நீட்டு, க்ளெனிஸ். இன்னும் கொஞ்சம். ஆங், வருது."