ஒடித்து வந்த குரோட்டன்

கஹவத்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை பங்களா பூங்காவாக மாறி ஒரு வருடம் ஆகிறது. வாசலில் டிக்கட், பழைய பெக்டரியில் சனிக்கிழமைதோறும் நடனம், நாடகம். மனோகரி மாதம் ஒருமுறை வருவாள். டிக்கட் எடுப்பாள். பங்களாப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் கீழ்ச்சரிவுப் புல்வெளிக்கு இறங்குவாள். அங்கே நிற்கும் ஒரே குரோட்டன் செடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

இந்த முறை மாதம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. பூங்காக் காவலாளி கிருஷ்ணகுமார் முதல் நாள் போன் எடுத்திருந்தான்.

"அக்கா, அந்தச் செடியக் கெளப்பி பங்களா முன்னுக்கு நடப் போறாங்க. நாளைக்கே."

அவள் வந்து சேர்ந்தபோது செடியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. தோண்டிய அலவாங்கோடு ஓர் ஆள் நின்றான். பூங்காவுக்குப் பொறுப்பான ஹிமாயா குடையும் கையுமாக மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். மனோகரி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, செடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா, சேறு!" என்றான் கிருஷ்ணகுமார்.

"இருக்கட்டும். அவரு ஆறு வருஷமா இதுக்குள்ளதான கெடக்காரு."

ஹிமாயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்த பழைய படமொன்றைக் குனிந்து காட்டினாள். பங்களாப் படியில் ஒரு துரை, காலடியில் நாய், பக்கத்தில் சுருண்ட சிவப்பு இலைகளோடு இதே செடி.

"பாருங்கம்மா, இது பங்களாவோட செடி. இந்த ஜாதி இந்தப் பக்கத்துல வேற எங்கயும் இல்ல. எப்படியோ இங்க வந்திருக்கு. இருந்த எடத்துலயே திரும்ப வைக்கப் போறோம், அவ்வளவுதான்."

"எப்படியோ வரல மிஸ். நான்தான் களவெடுத்தேன்."

அலவாங்குக்காரன் சிரித்துவிட்டான். மனோகரி சிரிக்கவில்லை.

அவளுடைய கணவன் சிவம் பங்களாத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன். அந்தச் செடிக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவான். ஓர் இலையைக்கூட யாரும் கிள்ளக் கூடாது என்பது துரையின் கட்டளை. துரைமார் மாறினார்கள், கட்டளை மாறவில்லை. ஒரு மழை விடியலில் மேல்மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் விழுந்தது. ஏழு பேர் போனார்கள். சிவமும் போனான். பக்கத்துத் தோட்டத்துக் கூட்டாளிகள் வந்து இந்தச் சரிவில்தான் வரிசையாகப் புதைத்தார்கள். சேறு அப்பிய முகங்களைப் பார்த்து யார் யார் என்று சொன்னவள் மனோகரி. லயத்தில் மிஞ்சிய மற்றவர்கள் மயங்கிக் கிடந்தார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

தோட்டத்தில் யாருக்கும் கல்லறை கட்டுவதில்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொம்பை நட்டுவிடுவார்கள். எட்டாம் நாள் அவள் தண்ணீர் கேட்பதுபோலப் பங்களாவின் பின்கதவுக்குப் போனாள். ஆள் உள்ளே போன நேரத்தில் முன்பக்கம் ஓடி, ஒரு முழக் கொம்பை ஒடித்து, சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நட்டாள். அது பிடித்துக்கொண்டது. மற்ற ஆறு பேரின் தலைமாட்டில் யாரும் நடவில்லை. படியில் இருந்த தாய்ச்செடி அடுத்த வறட்சியில் பட்டுப்போனது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

"களவுதான். பொலிசுக்குச் சொல்றதுன்னா சொல்லுங்க," என்றாள் மனோகரி. "ஆனா செடிய எடுத்தா அடியில இருக்கிற மனுசனயும் சேத்துத்தான் எடுக்கணும். அவரையும் பங்களா முன்னுக்கு வைப்பீங்களா? பதினெட்டு வருஷத்துல ஒரு நாளு அந்தப் படியில ஒக்கார விட்டிருப்பாங்களா?"

ஹிமாயா குடையைத் தாழ்த்தினாள். "பிளான்ல வெறும் புல்வெளின்னுதான் இருக்கு..." அவள் பார்வை தன் காலடிக்குப் போனது. ஒரு காலைத் தூக்கினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏழு பேரு மிஸ்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கா?"

"இல்ல. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

ஹிமாயா அலவாங்குக்காரனிடம் மண்ணைத் திரும்பப் போடச் சொன்னாள். "நான் மேல கதைக்கணும். அதுவரைக்கும் இந்தச் செடிய யாரும் தொடக்கூடாது."

மனோகரி எழுந்தாள். சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டவில்லை. இந்த ஆறு வருடத்தில் அவளும் அந்தச் செடியில் ஓர் இலை கிள்ளியதில்லை. சிவத்தின் பழக்கம் அவளுக்கும் தொற்றியிருந்தது. இப்போது கையை நீட்டி ஒரு கொம்பை ஒடித்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"அம்மா! தொடக்கூடாதுன்னு இப்பதானே சொன்னேன்!"

"ஒங்க ஆளுக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

ஆறு கொம்பு. செடியிலிருந்து அடி அளந்து நடந்து, குனிந்து, முதல் கொம்பை ஈரப் புல்வெளியில் குத்தினாள். "இது டிரைவர் பெருமாளு." நாலடி தள்ளி அடுத்தது. "பெருமாளு மக." அழகான புல்வெளி. வரிசையாக ஓட்டை விழுந்துகொண்டே போனது.

கிருஷ்ணகுமார் விசிலை வாயில் வைத்தான். புல்லைத் தொடுகிறவர்களைத் தடுக்கத்தான் அவனுக்குச் சம்பளம். விசில் ஊதவில்லை. மலை சரிந்த அன்று அவன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். ரோட்டு உடைந்து, ஒரு கிழமை கழித்து வந்தபோது மழை எல்லா மேட்டையும் சமமாக்கியிருந்தது. அன்றிலிருந்து சரிவு முழுவதையும் மொத்தமாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். மனோகரியிடம் கேட்டதில்லை. கேட்டால் அவள் அந்த நாளுக்குத் திரும்பப் போக வேண்டுமே.

"அக்கா," என்றான். விசிலை வாயிலிருந்து எடுத்தான். "எங்கப்பா எங்க?"

மனோகரி ஒரு கொம்பை அவனிடம் நீட்டினாள். "ஒனக்கு எடப்பக்கம், ரெண்டடி. தொப்பியக் கழட்டு. குமாரவேல் மாமாவுக்குத் தொப்பி போட்டவனக் கண்டாலே ஆகாது."

அவன் தொப்பியைக் கழற்றி, மண்டியிட்டு, கொம்பை இரண்டு கையாலும் அழுத்தி நட்டான். எழ நேரமானது.

மனோகரி கையில் மூன்று மிச்சம் இருந்தன. அடி அளந்துகொண்டே ஹிமாயாவின் குடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், கொஞ்சம் தள்ளுங்க. நீங்க நிக்கிறது சீதாதேவியோட எடம்."

ஹிமாயா நகர்ந்தாள்.