நைனா வெட்டினால் மட்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கதையில்லை. என் மனைவி மீனம்பாளின் அண்ணன் மகள் ஜெயசுதாவின் கதை. போன வாரம் சென்னையிலிருந்து போன் செய்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில், "மாமா, இத கதையா கிதையா எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவனைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டு எழுதாதே என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டாள்.

"எழுதறீங்கதானே?"

"இல்லம்மா..."

"பொய் சொல்லாதீங்க. எப்படி முடிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாளன்னிக்கு நானும் அதயே செஞ்சிடறேன்."

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். சிறுபத்திரிகைகளில் எழுதுவேன். என் கதை முடிவைப் படித்துவிட்டு யாரும் எதையும் செய்ததில்லை. அந்த நிம்மதியில்தான் இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடிக்கொண்டிருந்தது, அவளுடைய வாழ்க்கையைப் போலவே, எங்கே போகிறோம் என்று—

(வேண்டாம். ஒளிக்கு எங்கே போகிறோம் என்று நன்றாகத் தெரியும். திணறுகிறவன் நான்.)

இரண்டாவது முயற்சி: செஞ்சிக் கோட்டையின் நிழலில் பிறந்த—

(செஞ்சியில் யாரும் நிழலில் பிறக்கவில்லை. வெயிலில்தான் பிறக்கிறோம். அடித்தேன்.)

மூன்றாவது முயற்சி: ஜெயசுதாவின் மெஷின் ஒரு மனிதனை மாடு என்று சொன்னது.

இது நடந்தது. ஆனால் இதில் ஆரம்பித்தால் மெஷின் என்னவென்று உங்களுக்குப் புரியாது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

3

நம் போன் பேச்சு, பேங்க், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர், ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற கருவி எல்லாம் சாலையோரம் புதைத்த கேபிளுக்குள் ஒளியாகத்தான் போகின்றன. கோட்டையைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் பெருகியதிலிருந்து எங்கள் ஊரில் சாலையைத் தோண்டாத வாரமில்லை. தண்ணீர்க் குழாய்க்கென்று ஒருவர் வெட்டுவார், கேபிள் அறுந்துபோகும், ஊரே கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்.

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்துக்காரி ஜெயசுதா இன்ஜினியரிங் முடித்ததும் பார்த்த முதல் வேலை, அப்படி அறுந்த இழைகளை ஒட்டுவது. சாலையோரக் குழிக்குள் குடை பிடித்து உட்கார்ந்து ஒட்டினாள். ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவளுக்கு, அறுவதற்கு முன்பே தெரிந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எடுத்து ஓய்ந்துபோனார்கள்.

அவள் சொல்லித் தந்தபடி சொல்கிறேன். இழைக்குள் போகிற ஒளியில் துளித்துளி வழி நெடுகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மேலே மண் அதிர்ந்தால் அந்த இடத்திலிருந்து வருகிற துளி கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைப் படித்தால் எங்கே அதிர்கிறது என்று சென்னையில் இருந்தபடியே சொல்லலாம். ஆனால் அதிர்வது பஸ்ஸா, மாடா, வெட்டுகிற மண்வெட்டியா என்பதை மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு யாராவது கேபிள் பக்கத்தில், அதை அறுக்காமல், நூற்றுக்கணக்கான தடவை வெட்டிக் காட்ட வேண்டும்.

வெட்டிக் காட்டியவர் அவளுடைய நைனா, என் மச்சான் தனகோட்டி. வேர்க்கடலைக் கொல்லை வேலை இல்லாத நாளெல்லாம் சாலையோரம் வெட்டினார். மகள் போனில் "இப்ப வெட்டு நைனா" என்பாள். இவர் வெட்டுவார். "நிறுத்து" என்பாள். நிறுத்துவார். இரண்டு வருஷம். மெஷின் நன்றாகக் கற்றுக்கொண்டது. கட்டுரை வெளியானது, வெளிநாட்டில் போய்ப் பேசினாள்.

போன வாரம் மச்சானுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு ஜகபர் அலி, "குடு, நான் வெட்டறேன்" என்று மண்வெட்டியை வாங்கி வெட்டினார். சென்னையில் மெஷின் எழுதியது: மாடு நடக்கிறது.

இன்னும் இரண்டு பேரை வைத்து வெட்டிப் பார்த்தார்கள். மாடு. மறுபடியும் மாடு.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மெஷின் கற்றுக்கொண்டது மண் வெட்டுவதை இல்லை. அவளுடைய அப்பாவை.

4

(இந்த இடத்தில் மீனம்பாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். எழுதியதைப் படித்தாள்.

"ஜகபர் அண்ணன் கோவப்பட்டாரே, அத ஏன் எழுதல? 'பி.எச்.டி. படிச்ச மெசினு என்ன மாடுங்குது'ன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்காரு."

எழுதிவிட்டேன், மீனம்பாள்.)

5

இனி பயம்.

நாளைக் காலை கேபிள் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள். சிங்கவரம் சாலையில் அவர்களுக்கு இஷ்டமான இடத்தில் ஓர் ஆளை வெட்டச் சொல்வார்கள். எங்கே, எப்போது, யார் என்று ஜெயசுதாவிடம் சொல்ல மாட்டார்கள். மெஷின் கண்டுபிடித்தால் ஊர் ஊராகப் பொருத்துவார்கள். அவளுக்கு வேலை நிரந்தரம். கண்டுபிடிக்காவிட்டால் திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது, அவளுடைய ஒப்பந்தமும் சேர்ந்து.

வெட்ட ஆள் பிடிக்கும் பொறுப்பு உள்ளூர் கான்ட்ராக்டர் சிவசங்கரிடம். அவரிடம் கூலிக்குப் பெயர் கொடுத்திருப்பவர் தனகோட்டி. தன் மகள் யாரென்று சொல்லவில்லை. சிவசங்கரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் போனில் பேசியது, அவள் எனக்குச் சொன்னபடி:

"நைனா, நீ வெட்டாத."

"ஏன்டி? நான் வெட்டினாத்தான உன் மெசினுக்குத் தெரியுது?"

"அதான் நைனா பிரச்சனையே."

"இன்னா பிரச்சனை? தெரிஞ்சா பாஸு. தெரியலன்னா பெயிலு. நான் போறேன், நீ பாஸாயிடு. முடிஞ்சிது."

"அது ஏமாத்தறது."

"நான் நெசமாத்தானடி வெட்டப்போறேன்? இதுல ஏமாத்து எங்க வந்துது?"

அவர் நிஜமாகத்தான் வெட்டப்போகிறார்.

6

முடிவுகள். ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கிறேன்.

அ) அவள் கம்பெனிக்காரர்களிடம் உண்மையைச் சொல்கிறாள். நூறு பேரை வெட்டவைத்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்கிறாள். அவர்கள் அவளுடைய நேர்மையை மெச்சி—

(மெச்ச மாட்டார்கள். வேறு ஆளிடம் போவார்கள். அவள் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கவரம் வருவாள். இதை நான் எழுதினால் அவள் செய்வாள். என்னால்தான் வேலை போயிற்று என்று என் மச்சான் என் முகத்தில் விழிக்க மாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.)

ஆ) அவள் வாயைத் திறக்கவில்லை. நைனா வெட்டுகிறார். மெஷின் கண்டுபிடிக்கிறது. கைதட்டுகிறார்கள். இத்தனை நாள் சைக்கிளில் போய்க் கேபிள் வழியைக் காவல் பார்த்தவர்களை, மெஷின்தான் இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து ஊர் வல்லத்தில் ஒருவன் தோண்டுகிறான். மெஷின் மாடு என்கிறது. ஆஸ்பத்திரியில் போன் செத்துப்போய், அங்கே ஒருத்தி பிரசவ வலியில்—

(நிறுத்தினேன். எழுதுகிறவனுக்குக் கை துணிந்தால் யாரையும் கொன்றுவிடலாம்.)

இ) மகள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும் தனகோட்டி மண்வெட்டியைக் கையில் எடுக்கிறார். பிறகு சொல்கிறார்: "சரி, நான் வேற ஆளு மாதிரி வெட்டறேன்." இடது கையை முன்னால் பிடித்து வெட்டிப் பழகுகிறார்.

இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. மீனம்பாளைப் படிக்கச் சொன்னேன்.

"எங்கண்ணன் இப்படிப் பேசாது. இது உங்க நைனா."

"என்ன?"

"நீங்க எழுதற கதைல வர்ற அப்பா எல்லாம் உங்க நைனாதான். இத்தினி வருசமா ஒரே ஆளத்தான் எழுதறீங்க. எங்கண்ணனுக்குப் புள்ள பாஸாவணும், அவ்ளோதான். அது நேராத்தான் வெட்டும்."

சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

எனக்கு ஓர் அப்பாவைத்தான் தெரியும். அவரை வைத்துத்தான் எல்லா அப்பாக்களையும் எழுதினேன். அப்படியானால் இந்தக் கதையில் நான் ஜெயசுதாவுக்கு என்ன முடிவு எழுதினாலும், அது அவளுக்கான முடிவாக இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரே ஓர் ஆளுக்கான முடிவாக இருக்கும். அதைப் போய் அவள் செய்துவைத்தால்?

7

இதுவரை எழுதியதை வாட்ஸப்பில் அவளுக்கு அனுப்பினேன். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துக்கொண்டிருந்தாள். நான் கடை வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

பதில் வந்தது: "கடைசிப் பக்கம் வரல மாமா."

எழுத முடியவில்லை என்று போட்டேன்.

"கிண்டல் பண்ணாதீங்க. உண்மையாவே கேக்கறேன். நைனா மம்மட்டிய தீட்டி வச்சிட்டாரு. புதுச் சட்டை வேற எடுத்து வச்சிருக்காரு, கம்பெனிக்காரங்க வராங்கன்னு. நான் இன்னா செய்யட்டும்?"

நான் ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன். நான் எழுதுவதும் நிறுத்துவதும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு வேறு அப்பா. நான் அறியாத அப்பா. உங்களிடம் கேட்கிறேன், அவளுக்கு என்ன பதில் போடட்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுபடி கேட்கிறாள்.