அலுமாரிக்குள் பூட்டிய மெஷின்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, மார்க்கண்டர் ஹோலுக்குள் கதிரையில் சாய்ந்திருந்தார். மூக்கை மூடிய முகமூடியும் அதிலிருந்து தும்பிக்கை மாதிரித் தொங்கும் குழாயுமாகத் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடியோடு பழக வேண்டுமானால் பகலில் விழித்திருக்கும்போதும் அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது கிளினிக்கில் நேர்ஸாக இருக்கும் ஜெனீற்றா மிஸ்ஸி கொடுத்த கட்டளை. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு யோகம்மா முருங்கையிலையோடு திறந்திருந்த முன்கதவால் உள்ளே வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன கோசலா, அண்ணைக்கு ஒட்சிசனோ குடுக்கிறியள்?"

குசினிக்குள் இருந்து கோசலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒட்சிசன் இல்லை அக்கா. நித்திரையில இவருக்கு மூச்சு நிக்குது. அதுக்குக் காத்து ஊதுற மெஷின்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் யோகம்மாவின் மனதில் மூச்சு நிற்கிற கதை மட்டும்தான் தங்கியது. முருங்கையிலையை மேசையில் வைத்துவிட்டு, மார்க்கண்டரை ஒருதரம் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்க்கண்டர் புங்குடுதீவுக்காரர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து, கடலுக்கு நடுவே போகும் வாணர் தாம்போதி வழியாக, யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்தறியாத மனுசன். அவருடைய குறட்டை ஊரெல்லாம் பகிடி. பஸ்ஸை நிறுத்தினாலும் மார்க்கண்டரின் என்ஜின் நிற்காது என்பார்கள். குறட்டை கேட்கும்வரை கோசலாவுக்குப் பயமில்லை. அது திடீரென்று நின்று, நெஞ்சு அசையாமல் கிடந்து, பிறகு தண்ணீருக்குள் மூழ்கி எழும்பியவர்போல அவர் திமிறி மூச்சிழுக்கும்போதுதான் அவளுக்கு உயிர் போய் வரும். காலையில் அவருக்குத் தலைப்பாரம். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே கண் சொருகும். கடைசியில் யாழ்ப்பாணத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு இரவு முழுக்க வயர் ஒட்டிப் பார்த்ததில், மணித்தியாலத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுகிறது என்று தெரிந்தது. கனடாவில் இருக்கும் கோசலாவின் தம்பி உதவி செய்ய, மெஷின் வீட்டுக்கு வந்தது.

ஜெனீற்றா மிஸ்ஸி எதையும் மறைக்காமல்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். "முதல் ரெண்டு மூண்டு கிழமை கஷ்டம் அண்ணை. வாய் காயும், மூக்கடைக்கும். மூச்சை வெளியில விட ஏலாத மாதிரி இருக்கும். நித்திரையில உங்களுக்குத் தெரியாமலே கழட்டி எறிவீங்கள். பரவாயில்லை, முழிச்சவுடன திரும்பப் போடுங்கோ. காத்து ஒழுகினா கொண்டு வாங்கோ, வேற அளவில முகமூடி இருக்கு. நிப்பாட்ட மட்டும் வேண்டாம்."

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. முதலாம் இரவு கண்ணுக்குள் காற்றடித்தது. மூன்றாம் இரவு விடியும்போது முகமூடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காற்றை ஈரமாக்கும் தொட்டிக்குள் கோசலா கிணற்றுத் தண்ணீரை விட, நான்கு நாளில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. அதற்கு மிஸ்ஸியிடம் போனில் ஏச்சு வாங்கி, காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினார்கள். "நீர் என்னைச் சந்திரனுக்கு அனுப்பப் போறீரோ?" என்று மார்க்கண்டர் தினமும் முறைப்பட்டார். ஆனால் அன்று காலை, ஒன்பதாம் இரவு கழிந்து எழும்பியவர், கட்டிலில் இருந்தபடியே தலையைத் தடவிப் பார்த்தார். "இஞ்சேரும், இண்டைக்குத் தலை பாரமில்லை. பத்து வயசு குறைஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். கோசலா அம்மன் படத்துக்கு ஒரு பூக் கூடுதலாக வைத்தாள்.

அந்த மத்தியானம்தான் யோகம்மா வந்தது.

பொழுதுபட முன்னம் வீட்டில் சனம். எங்கள் பக்கத்தில் நோய் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். வருத்தம் பெரிதென்றால் ஹோர்லிக்ஸ் போத்தலும் பெரிது. நான்கு போத்தல் வந்தது, நான்கும் பெரிது. ஒரு கிழவர் மார்க்கண்டரின் கையைப் பிடித்து அழுதேவிட்டார். மார்க்கண்டர் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட கையைக் கழுவ வழியில்லாமல் நின்றார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சனம் போன கையோடு கலியாணத் தரகரிடமிருந்து போன் வந்தது.

மகள் பிரியவதனிக்கு வேலணை பிரதேச செயலகத்தில் வேலை. தினமும் தகப்பனின் பஸ்ஸில்தான் போவாள். வேலணையிலேயே ஒரு வாத்தியார் மாப்பிள்ளைக்குச் சாதகம் பொருந்தி, பேச்சுக்கால் முக்கால்வாசி முடிந்திருந்தது.

"அக்கா, மாப்பிள்ளை பகுதி கேக்கினம். தகப்பனுக்கு ஏதோ மெஷின் பூட்டியிருக்காமே? பரம்பரை வருத்தமோ எண்டு யோசிக்கினம்."

"ஆர் சொன்னது? அது தடிமனுக்கு ஆவி பிடிக்கிற மெஷின், தம்பி. தடிமன் மாறீட்டுது."

பொய் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று கோசலாவே நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டு நேரே அறைக்குள் போனாள். குழாயைச் சுருட்டி, மெஷினைப் பழைய சேலையில் சுற்றி, அலுமாரியில் கூறைச்சேலைக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள்.

"கலியாணம் முடியுமட்டும்தான். இவ்வளவு காலமும் இது இல்லாமத்தானே இருந்தனீங்கள்?"

மார்க்கண்டர் மூக்குத்தண்டில் இருந்த சிவந்த தடத்தைத் தடவினார். "பிள்ளையின்ர விசயம். நீர் சொன்னாச் சரி."

பிரியவதனி மட்டும் வாசலில் நின்று கேட்டாள். "அம்மா, அப்பா பஸ் ஓட்டுறவர்."

"எனக்குத் தெரியாதோ? நீ சும்மா இரு."

அதற்குப் பிறகு வந்த இரவுகளைக் கோசலா யாரிடமும் சொல்லமாட்டாள். குறட்டை திரும்பி வந்தது, அது நிற்பதும் வந்தது. அலுமாரித் திறப்பு அவளுடைய தலையணைக்குக் கீழே இருந்தது. எழும்பினால் அலுமாரிக்குப் பத்து அடி தூரம்தான். நாளைக்குப் போடச் சொல்லுவோம் என்று நினைப்பாள்; விடிந்தால் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்த முகங்கள் ஞாபகம் வரும். யோகம்மாவில் கோபப்பட்டாள், தரகரில் கோபப்பட்டாள். தன்னில் கோபப்பட மட்டும் துணிவில்லை. காலையில் அவருக்கு இரண்டு கோப்பை கோப்பி ஊற்றிக் கொடுத்து, கண் தெளிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து அனுப்பினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மெஷினைப் பூட்டி வைத்த இருபத்தேழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பஸ் கொண்டக்டர் அன்ரனிதாஸ் மார்க்கண்டரைக் கையில் பிடித்து இறக்கினான். பின்னால் பிரியவதனி. நெற்றியில் கட்டு, சட்டையில் இரத்தம்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, ஆருக்கும் பெரிசா ஒண்டுமில்லை" என்றான் அன்ரனிதாஸ். "நான் பின்னுக்கு ரிக்கற் குடுத்துக்கொண்டு நிண்டனான். வாணர் தாம்போதியில பஸ் கடல்பக்கம் சாயுது. அண்ணை எண்டு கத்தினன். அண்ணையின்ர கண் திறந்தபடிதான் இருந்தது, ஆனா ஆள் இல்லை. முன்சீற்றில இருந்த உங்கட மகள்தான் பாய்ஞ்சு ஸ்ரியறிங்கை இழுத்தவ. சில்லு கல்லில ஏறி நிண்டுது. உள்ளுக்க பள்ளிக்கூடப் பிள்ளையள் மட்டும் பதினேழு பேர்."

மார்க்கண்டர் அதே கதிரையில் இருந்தார். "நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார். யாரும் கேட்காமலே திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கோசலாவுக்கு அவரைத் தேற்றவும் முடியவில்லை, வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. மகளின் நெற்றிக் கட்டைப் பார்த்தபடி நின்றாள். மகள் அவளை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டொக்டரின் கடிதம் இல்லாமல் பஸ் திறப்பைத் தர ஏலாது என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். மெஷினையும் தூக்கிக்கொண்டு இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். ஜெனீற்றா மிஸ்ஸி மெஷினுக்குள் இருந்த சின்ன மெமறிக் கார்ட்டை எடுத்துக் கணினியில் போட்டாள். எந்த இரவு எத்தனை மணித்தியாலம் முகமூடி போட்டது என்பதெல்லாம் அதில் பதிவாகும் என்று கோசலாவுக்கு அதுவரை தெரியாது.

"ஒன்பதாம் இரவு ஏழு மணித்தியாலம் போட்டிருக்கிறீங்கள்" என்றாள் மிஸ்ஸி. "மூச்சுத் தடை மணித்தியாலத்துக்கு மூண்டுதான். அருமையா வந்திருக்கு. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. ஏன் அண்ணை விட்டனீங்கள்?"

மார்க்கண்டர் நிலத்தைப் பார்த்தார். "எனக்குத்தான் மிஸ்ஸி ஒத்துவரேல்லை."

இந்த நிலையிலும் அவர் தன்னைக் காட்டிக்கொடுக்காததைக் கோசலாவால் பொறுக்க முடியவில்லை. "பொய் மிஸ்ஸி. நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

மிஸ்ஸி ஏசவில்லை. "இப்ப கடிதம் தர ஏலாது அக்கா. ரெண்டு மாசம் ஒரு இரவும் விடாமல் போட்டது இதில தெரியவேணும். பேந்துதான் டொக்டர் யோசிப்பார். முதலாளி பஸ் குடுக்கிறாரோ இல்லையோ எண்டது எங்கட கையில இல்லை."

திரும்பும்போது மார்க்கண்டர் தன்னுடைய பஸ்ஸிலேயே பயணியாக வந்தார். வேறொருவர் ஓட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளையோடு ஏறிய தாய் ஒருத்தி அவரைக் கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போனாள். தாம்போதி வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் கால் வைக்கவே போன் அடித்தது. தரகர்.

"அக்கா, பஸ் விசயத்தை மாப்பிள்ளை பகுதி கேள்விப்பட்டிட்டினம். பிறேக் பிழைச்சது எண்டு சொல்லிவிடட்டே?"

கோசலா மெஷினை ஹோல் மேசையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வைத்தாள்.

"வேண்டாம் தம்பி. அவருக்கு நித்திரையில மூச்சு நிக்கிற வருத்தம் எண்டே சொல்லும். மெஷின் போட்டா நல்லா இருப்பார் எண்டும் சொல்லும். வருத்தம் ஆருக்கும் வரும், அதில வெக்கமில்லை. ஊர் என்ன சொல்லும் எண்டு பயந்து வைத்தியத்தை ஒளிச்சுவைச்சதுதான் பிழை. அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினா வருத்தமும் அங்கயே கிடக்கும் எண்டு நான் நினைச்சன். அது ஒவ்வொரு நாளும் விடிய என்ர புருசனோடயும் பிள்ளையோடயும் பஸ்ஸில ஏறிப் போயிருக்கு."

"பாப்பம் அக்கா" என்று போனை வைத்த தரகர், அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.